90 சதவீத வருகை குறைவா? தலைமையாசிரியரின் பருவக் கடிதத்தைப் பெற்றோர் எப்படி வாசிக்கலாம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளின் பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். பள்ளி வாழ்க்கை, வருகை, மரியாதை என்று மூன்று பகுதி. கூடவே அந்தந்தப் பிள்ளையின் வருகைச் சதவீதமும் வந்திருக்கிறது, உங்கள் மகளுக்கு 90. "நன்றாகத்தானே படிக்கிறாள், காய்ச்சலுக்கும் குடும்ப விசேஷத்துக்கும்தான் லீவு போட்டோம், இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? மரியாதை பற்றி இத்தனை எழுதுகிறார்கள், ஆனால் இரண்டு வாரமாகத் தன்னை விளையாட்டில் சேர்ப்பதில்லை என்று அவள் வீட்டில் சொல்கிறாள், திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி என்கிறாள், இதை யாரிடம் கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கப்பள்ளியில் ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் பல வருடம் இருந்திருக்கிறேன், இப்படிப்பட்ட கடிதங்களை எழுதி அனுப்பியும் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நீங்கள் தனித்தனியாகக் கேட்ட மூன்றும் என் பார்வையில் ஒரே விஷயம்தான்.

முதலில் அந்த எண். பரீட்சையில் 90 வாங்கினால் சந்தோஷப்படுகிறோம், அதே பழக்கத்தில் வருகையில் 90 என்றாலும் நன்றாகத்தான் இருப்பதாகத் தோன்றும். சதவீதத்தை நாளாக மாற்றிப் பாருங்கள். பள்ளி வருடத்தில் வேலை நாள் 200 என்று வைத்துக்கொண்டால் (பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் கூடும், குறையும்) 90 சதவீதம் என்றால் 20 நாள் போயிருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் பள்ளி என்றால் முழுதாக நான்கு வாரம். இதே வேகத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை போனால் 100 நாள், அதாவது அரை வருடப் படிப்பு. ஒரே மூச்சில் அரை வருடம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்க எந்தப் பெற்றோரும் சம்மதிக்க மாட்டார்கள். மாதத்துக்கு இரண்டு நாள் என்று சிதறிப் போவதால்தான் கண்ணில் படுவதில்லை.

90 சதவீத வருகை, அதாவது 10 சதவீதம் வராமை என்ற இந்தக் கோடு உங்கள் தலைமையாசிரியர் தானாகப் போட்டதாக இருக்காது. அமெரிக்காவில் நீடித்த வருகைக்குறைவு என்று கல்வித்துறையினர் சொல்வது, பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராமல் போவதைத்தான். அங்கே பெரும்பாலும் 180 நாள் பள்ளி, ஆகவே 18 நாள். இங்கிலாந்திலும் 10 சதவீதம்தான் எல்லை, அங்கே காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என்று அரை நாளாக எண்ணுகிறார்கள். இரண்டு இடத்திலும் காரணம் எதுவானாலும் அந்த நாள் கணக்கில் சேர்ந்துவிடும். காய்ச்சலா, அனுமதி வாங்கிய லீவா, சொல்லாமல் போட்டதா என்று பிரிப்பதில்லை. லீவு லெட்டர் கொடுத்தோமே, அதையும் சேர்ப்பது அநியாயம் இல்லையா என்று பெற்றோர் கேட்பதுண்டு. இந்த எண் உங்களைக் குற்றம் சொல்ல வந்ததில்லை, பிள்ளைக்கு எவ்வளவு பாடம் தவறியது என்று காட்ட வந்தது. காய்ச்சலில் தவறிய பாடமும் பயணத்தில் தவறிய பாடமும் அவளுக்கு ஒன்றுதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு அது இப்போது தெரியாமல் இருக்கலாம், வீட்டில் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துச் சரிக்கட்டிவிடுகிறார்கள், அப்படிச் சரிக்கட்ட முடிகிற வயது அது.

அந்தக் கடிதத்தில் பள்ளியின் மொத்தச் சராசரியும் போட்டிருப்பார்கள், உதாரணமாக 95 சதவீதம் என்று. அதை அப்படியே நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள், பள்ளியும் ஆகக் கூடாது. 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 95 சதவீதம் என்றால் வருடத்துக்கு மொத்தம் 300 நாள் இல்லாமல் போயிருக்கிறது. எல்லாரும் ஆளுக்குப் பத்து நாள் வராமலிருந்தாலும் அதே 95தான். 25 பேர் ஆறு நாள் மட்டும் வராமல், மீதி ஐந்து பேர் ஆளுக்கு 30 நாள் வராமலிருந்தாலும் அதே 95தான். இரண்டாவது வகுப்பில் ஐந்து பிள்ளைகள் ஏதோ ஒரு கஷ்டத்தில் இருக்கிறார்கள், சராசரி அவர்களை மறைத்துவிடுகிறது. நல்ல தலைமையாசிரியர் சராசரியை ஒரு வரியில் முடித்துவிட்டு அந்த ஐந்து பேரின் பெயரைத் தன் மேசையில் எழுதி வைத்திருப்பார். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், சராசரி எவ்வளவு என்று கேட்காதீர்கள், 10 சதவீதத்துக்கு மேல் வராதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காகப் பள்ளி என்ன செய்கிறது என்று கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. எத்தனை பேர் என்று சொல்லலாம்.

சரி, சின்ன வகுப்பில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? வாசிப்பும் கணக்கும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறவை. கடன் வாங்கிக் கழித்தலை டீச்சர் முதல்முதலாகப் போட்டுக் காட்டிய நாளில் வராத பிள்ளைக்கு, அடுத்த நாள் மற்றவர்கள் அதைப் பயிற்சி செய்யும்போது விதி மட்டும் கிடைக்கும், அது ஏன் அப்படி என்பது கிடைக்காது. நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். டீச்சர் குச்சிகளைக் கட்டாகக் கட்டி அவிழ்த்துக் காட்டியது நோட்டில் இருக்காது.

ஆனால் பாடத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விளையாட்டிடம். இதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் இடைவேளை விளையாட்டு தொடர்கதை மாதிரி நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகும், யார் தலைவி, யார் திருடன், எந்த மரம் யாருடைய வீடு, எந்த விதி நேற்று மாறியது என்று அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருக்கும். மூன்று நாள் வராமல் நான்காவது நாள் வருகிற பிள்ளை பழைய விதியோடு உள்ளே நுழைவாள், அவளுடைய பாத்திரத்தை வேறொருத்தி எடுத்துக்கொண்டிருப்பாள், "நீ இல்லை" என்று ஒரு குரல் வரும். சொன்ன பிள்ளைக்கு அதில் பகை இருக்க வேண்டியதில்லை, இடம் நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். கேட்ட பிள்ளைக்கோ அது பெரிய விஷயம். அன்றைக்கு ஓரமாக நிற்கிறாள். மறுநாள் பள்ளிக்குப் போக மனமில்லை. லீவு போட்டால் இடைவெளி இன்னும் கூடுகிறது. உங்கள் மகள் விஷயத்தில் எது முதலில் வந்தது, லீவா, விளையாட்டில் சேர்க்காததா என்று தேதி பார்த்துப் பாருங்கள். காய்ச்சலில் விட்ட நாட்களுக்குப் பிறகு இந்தப் பேச்சு ஆரம்பித்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

தாமதமாக வருவதும் இதில் சேரும். தினம் பத்து நிமிடம் என்றால் 200 நாளில் 2000 நிமிடம், 33 மணி நேரத்துக்கு மேல், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரப் பாடம் என்று வைத்தால் ஆறு நாளுக்கும் அதிகம். அதோடு முதல் பத்து நிமிடத்தில்தான் இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று டீச்சர் சொல்வார். அதைத் தவறவிட்ட பிள்ளை நாள் முழுக்க அடுத்தவரைப் பார்த்துப் பார்த்து நகர்வாள். காலையில் எழுப்பவே முடியவில்லை என்றால் முந்தின இரவைப் பாருங்கள், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 24 மணி நேரத்தில் 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது.

உடம்பு சரியில்லாதபோது அனுப்புவதா வேண்டாமா என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது, ஆகவே நேராகச் சொல்கிறேன். 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் அனுப்பாதீர்கள், மருந்து கொடுக்காமலே காய்ச்சல் இல்லாமல் ஒரு நாள் கழிந்த பிறகு அனுப்புங்கள். மருந்து கொடுத்து இறக்கிவிட்டு அனுப்பினால் பதினொரு மணிக்கு பள்ளியிலிருந்து போன் வரும், அதற்குள் நாலு பேருக்குத் தொற்றியும் இருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாக வந்ததிலிருந்து 48 மணி நேரம் என்பது பிரிட்டனில் பள்ளிகளுக்குச் சொல்லும் கணக்கு, அது பாதுகாப்பான கணக்கு. சின்னம்மை போட்டிருந்தால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில்தான். வெறும் மூக்கொழுகல், லேசான இருமல், காய்ச்சல் இல்லை, பிள்ளை ஓடியாடுகிறாள் என்றால் அனுப்பலாம். தலையில் பேன் இருக்கிறது என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி அதை வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறது. பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை, அன்று வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை ஆரம்பித்தால் போதும். வகுப்பின் நடுவில் எழுப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அந்த அவமானம் பேனைவிட ரொம்ப நாள் இருக்கும்.

திங்கட்கிழமை வயிற்றுவலிக்கு வருகிறேன். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் வலி பொய் என்று முடிவு கட்டாதீர்கள். பயம் வயிற்றில்தான் முதலில் தெரியும், சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பவே. நிஜமாகவே வலிக்கும், வீட்டில் இருக்கலாம் என்று சொன்ன அரை மணியில் நிஜமாகவே போய்விடும். பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளைப் பல காலம் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி அதற்குப் பின்னால் இருக்கும் நோக்கங்களை நான்காகப் பிரிக்கிறார்: பள்ளியில் பயமோ சங்கடமோ தருகிற ஏதோ ஒன்றைத் தவிர்ப்பது, மற்றவர்கள் முன்னால் நிற்கவும் மதிப்பிடப்படவும் வேண்டியதிலிருந்து தப்புவது, வீட்டில் முக்கியமானவர்களின் கவனத்தைப் பெறுவது, வீட்டில் கிடைக்கும் இன்பமான ஏதோ ஒன்றுக்காக இருந்துவிடுவது. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அழுகை, வயிற்றுவலி, ஷூ போட மறுப்பது. எது என்று கண்டுபிடிக்காமல் மருந்து தேடினால் பலன் இல்லை.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, காலண்டரில் குறியுங்கள். எந்தக் கிழமை, அன்று என்ன பீரியட், யார் டீச்சர், முந்தின நாள் என்ன நடந்தது. நாலைந்து வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். சில சமயம் பதில் மிகச் சாதாரணமாக இருக்கும். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, அதனால் பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதனால் தலைவலி, வயிற்றுவலி. இதைப் பிள்ளைகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், வெட்கம். "கழிப்பறை எப்படி இருக்கிறது, போகிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். தலைமையாசிரியராக இருப்பவர்களும் ஆய்வு வருகிற நாளில் மட்டும் பார்க்காமல் மூன்றாவது பீரியடுக்குப் பிறகு ஒரு தடவை அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பள்ளி வாழ்க்கை பற்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் ஆண்டு விழாவையும் போட்டியில் கிடைத்த கோப்பையையும் எழுதுவார்கள், பிள்ளைகளின் நாள் கழிப்பறையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் இடைவேளையிலும்தான் நல்லதாகவோ மோசமாகவோ ஆகிறது.

அதோடு ஒன்று. பயத்தால் வீட்டில் இருக்க அனுமதித்தால் அந்த நொடியில் பிள்ளைக்குப் பெரிய நிம்மதி வரும், அந்த நிம்மதிதான் அடுத்த திங்கட்கிழமை வயிற்றுவலியை இன்னும் பலமாக்கும். ஆகவே காரணம் தேடிக்கொண்டிருக்கும் காலத்திலும், உடம்பில் நோய் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தால், போவது நிற்க வேண்டாம். முதல் நாள் அரை நாளாக இருந்தாலும் பரவாயில்லை. வாசலில் அவளுக்குப் பிடித்த ஒரு பெரியவர் நின்று கூட்டிப் போனால் பாதி வேலை முடிந்தது, இதைப் பள்ளியிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. வீட்டில் இருந்தே ஆக வேண்டிய நாளில் டிவியும் போனும் பள்ளி முடிகிற நேரம் வரை வேண்டாம்.

இடைவேளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மரியாதை என்ற தலைப்பில் எழுதுகிற சில பள்ளிகள், ஒழுங்காக நடக்காத பிள்ளைக்குத் தண்டனையாக இடைவேளையைப் பிடுங்குகின்றன. இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2013-ல் வெளியிட்ட அறிக்கையில், தண்டனைக்காகவோ பாடம் முடிப்பதற்காகவோ இடைவேளையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளைக்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை, அவனிடமிருந்துதான் அதை எடுக்கிறோம், பிற்பகலில் அவன் இன்னும் மோசமாக நெளிகிறான், மறுபடி தண்டனை.

இப்போது மரியாதை. "எல்லாரையும் மதிப்போம்" என்று சுவரில் எழுதி வைத்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. செய்கிற காரியமாக உடைத்துச் சொன்னால்தான் அதற்குப் புரியும். அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது. அடுத்தவர் பென்சிலைக் கேட்டுவிட்டு எடுப்பது. வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, பட்டப்பெயர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதோடு நிறுத்துவது. தள்ளிவிட்டால் தூக்கிவிடுவது. இவற்றை வருட ஆரம்பத்தில் ஒரு நாள் சொல்லிவிட்டு மூன்று மாதம் கழித்து ஏன் செய்யவில்லை என்று கேட்க முடியாது, பெருக்கல் வாய்ப்பாட்டைப் போலத் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும், தவறினால் மறுபடி.

அப்புறம், பிள்ளைகள் மரியாதையைக் கற்பது பெரியவர்கள் தங்களை நடத்தும் விதத்திலிருந்துதான். வகுப்பு முழுக்கக் கேட்க மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்கிற டீச்சர், பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே அதைப் பற்றி இன்னொரு டீச்சரிடம் குறை சொல்கிறவர், பெயரைத் தப்பாகச் சொல்லி வருடம் முழுக்கத் திருத்திக்கொள்ளாதவர், இவர்களெல்லாம் மரியாதை பற்றி என்ன பாடம் எடுத்தாலும் பிள்ளைகள் வேறு பாடத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பள்ளியைச் சுத்தம் செய்கிறவருக்குத் தலைமையாசிரியர் காலையில் பெயர் சொல்லி வணக்கம் வைக்கிறாரா என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். வைக்கிற பள்ளியில் பிள்ளைகளும் வைக்கிறார்கள். டீச்சர் உள்ளே நுழைந்ததும் வகுப்பு கப்சிப்பென்று அடங்குவதைப் பார்த்து மரியாதை என்று மகிழ்கிறவர்கள் உண்டு. டீச்சர் வெளியே போன பிறகு அந்த வகுப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பயத்தில் அடங்கிய வகுப்பு அப்போது பலவீனமான பிள்ளையின் மீது பாயும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-ல் நிறைவேறியது, அதன் 28-வது பிரிவு பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. மரியாதை பற்றிய கடிதத்தில் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று பத்து வரி இருந்தால், பெரியவர்கள் என்ன செய்வோம் என்று குறைந்தது ஐந்து வரியாவது இருக்க வேண்டும். உங்களுக்கு வந்த கடிதத்தில் அது இருக்கிறதா?

பெற்றோர் பக்கமும் உண்டு. "உன் டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று பிள்ளை காதுபட ஒரு தடவை சொன்னால் போதும், மறுநாள் அந்த வகுப்பில் அந்தப் பிள்ளைக்குக் கற்க மனம் வராது. டீச்சரிடம் குறை இருந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள், பிள்ளை இல்லாத இடத்தில்.

விளையாட்டில் சேர்க்காதது சண்டையா, துன்புறுத்தலா? நார்வேயில் பணியாற்றிய டான் ஓல்வேயஸ் பள்ளித் துன்புறுத்தல் பற்றிய ஆய்வுக்கே அடித்தளம் போட்டவர், அவர் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, செய்கிறவருக்கும் படுகிறவருக்கும் இடையில் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. ஒரு நாள் "நீ வராதே" என்று சொல்லி மறுநாள் கைகோத்துக்கொண்டு போவது சண்டை, அதில் தலையிடாமல் இருப்பதே நல்லது. ஒரு கூட்டமே சேர்ந்து ஒருத்தியை மட்டும் தினமும் ஒதுக்கினால் அது அந்த மூன்றிலும் பொருந்தும், அடி விழவில்லை என்பதால் சின்ன விஷயமாகிவிடாது. உங்கள் மகள் இரண்டு வாரம் என்கிறாள். இரண்டு வாரம் என்பது பள்ளியிடம் பேசப் போதுமான காலம்.

இதில் பின்லாந்தின் அனுபவம் எனக்கு ரொம்ப உதவியது. டுர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி தலைமையில் உருவான கிவா என்ற திட்டம், துன்புறுத்துகிறவர், படுகிறவர் என்ற இரண்டு பேரோடு நிற்காமல் சுற்றி நின்று பார்க்கிறவர்களை எடுத்துக்கொண்டது. சிரித்து ஊக்கப்படுத்துகிறவர்கள், கூடச் சேர்ந்துகொள்கிறவர்கள், விலகிப் போகிறவர்கள், படுகிற பிள்ளையின் பக்கம் நிற்கிறவர்கள் என்று வகுப்பு முழுக்க ஏதோ ஒரு பங்கில் இருக்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் செய்கிறவருக்கு அதில் லாபம் இல்லை. ஆகவே நீங்கள் பள்ளியில் பேசும்போது இன்னாரைத் தண்டியுங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். இடைவேளையில் டியூட்டி டீச்சர் எங்கே நிற்கிறார், அவளோடு சேர்ந்துகொள்ள மனமுள்ள இரண்டு பிள்ளைகளைக் கிளாஸ் டீச்சர் கண்டுபிடித்து ஒரு வேலையைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். வலுக்கட்டாயமாக "சாரி" சொல்ல வைப்பதால் ஒன்றும் நடக்காது, சொன்ன பிள்ளை கோபத்தோடுதான் போவாள். கெடுத்ததைச் சரிசெய்ய ஒரு காரியம் கொடுத்தால் நடக்கும். அந்தப் பிள்ளையின் பெற்றோரை வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அதற்குப் பிறகு பிள்ளைகள் சமாதானமானாலும் பெரியவர்கள் ஆக மாட்டார்கள்.

மூன்றும் ஒன்று என்று ஏன் சொன்னேன் என்பது இங்கேதான் வருகிறது. லீவு முடிந்து பிள்ளை வகுப்புக்குள் நுழைகிற முதல் நிமிடத்தைப் பாருங்கள். "என்ன, இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிற வகுப்பு ஒன்று. "வந்துவிட்டாயா, நீ இல்லாமல் உன் குழுவில் ஒரு ஆள் குறைந்தது, இங்கே உட்கார், நேற்று செய்ததைப் பக்கத்தில் இருப்பவள் காட்டுவாள்" என்று சொல்கிற வகுப்பு இன்னொன்று. இரண்டுக்கும் பத்து விநாடிதான் ஆகும். முதல் வகுப்பில் பிள்ளை அடுத்த லீவுக்குக் காரணம் தேடுவாள். இரண்டாவதில் தான் வராதது யாருக்கோ தெரிந்தது, தனக்கு அங்கே ஒரு இடம் இருக்கிறது என்று அறிவாள். வருகைக்கு நான் அறிந்த மிகச் சிறந்த வழி இதுதான், செலவே இல்லாதது.

பரிசு கொடுத்து வருகையைக் கூட்டலாமா என்று பள்ளிகள் யோசிக்கின்றன. 100 சதவீத வருகைக்குச் சான்றிதழ் என்பது சின்ன வகுப்பில் எனக்குச் சம்மதமில்லை. ஆஸ்துமா இருக்கும் பிள்ளை எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதை வாங்க முடியாது, காய்ச்சலோடு வருகிற பிள்ளை வாங்கிவிடுவாள். இந்த வயதில் வருவதா வேண்டாமா என்பது பிள்ளை கையிலும் இல்லை, வீட்டுப் பெரியவர் கையில். கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், முழு வருகைக்காகப் பின்னர் விருது கொடுக்கப்பட்டவர்களின் வருகை அதற்குப் பிறகு குறைந்தே போனது. பயன் தந்தது என்னவென்றால், பெற்றோருக்குத் தங்கள் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்று வெறுமனே எழுதித் தெரிவித்தது. பிலடெல்பியாவில் 28,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் இருவரும் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட கடிதத்தாலேயே நீடித்த வருகைக்குறைவு உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. நிறைய வராத பிள்ளைகளின் பெற்றோர் அந்த எண்ணிக்கையை மிகக் குறைவாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. உங்களுக்கு அந்த எண்ணை அனுப்பிய தலைமையாசிரியர், அந்த வகையில், சரியான காரியத்தைத்தான் செய்திருக்கிறார். சதவீதமாக அனுப்பாமல் நாட்களாக அனுப்பியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அதைப் பதிலில் எழுதுங்கள்.

விசேஷங்களுக்கு லீவே போடக் கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். பிள்ளைக்குக் குடும்பமும் வேண்டும். நாளைத் தேர்ந்தெடுக்க முடிகிறபோது, பருவத்தின் முதல் இரண்டு வாரத்தைத் தொடாதீர்கள், இடம், நட்பு, வழக்கம் எல்லாம் அப்போதுதான் உருவாகின்றன. வாரக் கடைசியோடு ஒட்டி வெள்ளி, திங்கள் எடுப்பதை வழக்கமாக்காதீர்கள். போவதற்கு முன் டீச்சரிடம் சொல்லிவிட்டு, திரும்புகிற நாளுக்கு முந்தின மாலை ஒரு தோழி வீட்டுக்குப் பேசி, விளையாட்டில் என்ன நடக்கிறது என்று உங்கள் மகளையே கேட்க வையுங்கள்.

முதலில் கிளாஸ் டீச்சரிடம் பேசுங்கள், தலைமையாசிரியரிடம் நேரே போக வேண்டாம், மேலே போய்ப் பேசிவிட்டதாக டீச்சர் நினைத்தால் உதவிக்குத் தடையாகும். போகும்போது தேதி, இடம், அவள் சொன்ன வார்த்தை, வயிற்றுவலி வந்த நாட்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். என்ன செய்வீர்கள், மறுபடி எப்போது பேசலாம் என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்தத் தேதியில் எதுவும் நகரவில்லை என்றால் அதே தாளோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். முடிந்தால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் டீச்சரைப் பார்த்துவிடுங்கள், திங்கட்கிழமை காலை வாசலில் அவளை யார் கூட்டிப் போவது, முதல் இடைவேளையில் அவள் யாரோடு இருப்பாள் என்ற இரண்டையும் அதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.